அண்ணனும் என் சத்தம் வராத சிரிப்பும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி அண்ணன் மகன் என்னிடம் கேட்டபோது, கூடவே ஒரு வேண்டுகோளும் வைத்தான். "சித்தப்பா, நல்ல விதமா எழுதுங்க. உங்க பொறாமையெல்லாம் இதுல கொண்டாந்து வைக்காதீங்க" என்றான். பிள்ளை வளர்ந்துவிட்டான், கண்ணுக்கு எல்லாம் தெரிகிறது. ஆனால் பொறாமையை எடுத்துவிட்டு அண்ணனைப் பற்றி எழுது என்றால், என்னிடம் மிஞ்சுவது பிறந்த ஊரும் படித்த பள்ளியும்தான். அவற்றை நீங்கள் பின்அட்டையிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆகவே உறவினர்களும் நண்பர்களும் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நகைச்சுவை எழுதி ஊரையே சிரிக்க வைத்த மனிதருக்குத் தம்பியாக இருப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. அந்த வேலையை நான் விடுப்பே எடுக்காமல் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் ராயபுரத்தில், ரயில் நிலையத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சந்தில் பிறந்தார். எங்கள் நைனாவுக்குக் காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் வேலை. விடிவதற்கு முன்னால் கடலுக்குப் போகும் படகுகளுக்கு ஐஸ் பாளங்களை உடைத்து ஏற்றி அனுப்ப வேண்டும். அதனால் இரவெல்லாம் கம்பெனி, பகலெல்லாம் தூக்கம். அம்மா மீன் கூடையை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்விடுவார். வீடு என்பது ஒரே அறை. நடுவில் நைனா படுத்திருப்பார், அண்ணனும் நானும் சுவரோரமாக உட்கார்ந்திருப்போம். சத்தம் கேட்டால் நைனா எழுந்துகொள்வார். அவர் எழுந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் இரண்டு பேர் முதுகுக்கும் நன்றாகத் தெரியும்.

அண்ணனுக்கு அந்த வயதிலேயே வாய் சும்மா இருக்காது. எதிர் வீட்டு அம்மாள் காணாமல் போன தன் கோழியைத் தேடி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று குழம்பு வாசனையை மோந்து பார்ப்பதை அப்படியே செய்து காட்டுவார். எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வரும். சிரிக்காமலும் இருக்க முடியாது, சத்தமும் வரக் கூடாது. அப்படிப் பழகியதுதான் என் சிரிப்பு. வாய் திறந்திருக்கும், மூச்சு உள்ளேயே நிற்கும், தோள் இரண்டும் குலுங்கும், கண்ணில் தண்ணீர் கொட்டும். சத்தம் மட்டும் வராது. நைனா பகல் ஷிப்டுக்கு மாறிய பிறகும் வரவில்லை. நைனாவே போய்ச் சேர்ந்த பிறகும் வரவில்லை. இன்றைக்கும் பழகாதவர்கள் என் சிரிப்பைப் பார்த்தால் அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

எங்களுக்குப் பல வருடம் கழித்துப் பிறந்த தங்கைக்கு இந்தக் கஷ்டம் எதுவும் கிடையாது. நைனா பகல் ஷிப்டுக்கு வந்த பிறகு பிறந்தவள் அவள். வாய்விட்டு, தொண்டை கிழிய, தெருமுனை வரை கேட்கும்படி சிரித்து வளர்ந்தாள். இப்போதும் காசிமேட்டில் வியாபாரத்துக்கு மீன் எடுக்கப் போன இடத்தில் அவள் சிரித்தால், ஏலம் கூறுகிறவர் விலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார். அந்தச் சிரிப்பின் மேல் எனக்கு உள்ள கோபத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அண்ணன் கார்ப்பரேஷன் பள்ளியில் படித்து முடித்ததும், துறைமுகத்துக்கு எதிரே ஒரு சரக்கு ஏஜென்ட் ஆபீஸில் எழுத்தராகச் சேர்ந்தார். நைனா நெஞ்சு வலியில் திடீரென்று போனபோது அண்ணனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அன்றிலிருந்து குடும்பத்தைத் தூக்கிச் சுமந்தவர் அவர்தான். என்னை ஐ.டி.ஐ. படிக்க வைத்தார். எண்ணூரில் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் சேர்த்துவிட யார் யார் வீட்டு வாசலிலோ போய் நின்றார். தங்கைக்கு நல்ல இடமாகப் பார்த்துக் கல்யாணம் செய்துவைத்த பிறகுதான் தன் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. இப்படிப்பட்டவர் மேல் பொறாமைப்படுவது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள். திட்டவும் முடியாது, விடவும் முடியாது.

ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் எழுத ஆரம்பித்தார். வானொலியில் தொழிலாளர்களுக்கு என்று ஒரு நிகழ்ச்சி வரும். அதற்கு ஒரு சின்ன நகைச்சுவை நாடகம் அனுப்பினார், எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவதும் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவதற்கு நேரில் வரச் சொல்லி ஆள் விட்டார்கள். நானும் துணைக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி தங்கமான மனிதர்தான், ஆனால் ஒரு யோசனை சொன்னார். "நீங்க ராயபுரமாமே. அந்த மெட்ராஸ் பாஷை பேசற ஒரு வேலைக்காரனை உள்ளே விடுங்க. அவன் வாயைத் திறந்தாலே ஜனங்க சிரிச்சிடுவாங்க, ஜோக்கே வேண்டாம்."

அண்ணன் நாடகத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "சார், பாஷையக் கேட்டு சிரிச்சா எங்கம்மாவப் பாத்து சிரிச்ச மாறி. ஜோக்கக் கேட்டு சிரிச்சா என்னப் பாத்து சிரிச்ச மாறி. என்னப் பாத்தே சிரிக்கட்டும் சார்."

அதிலிருந்து அதையே ஒரு சட்டமாக வைத்துக்கொண்டார். அண்ணனின் நாடகத்தில் எங்கள் பேச்சுப் பேசுகிறவர்தான் விவரமானவர். சுத்தத் தமிழ் பேசிக்கொண்டு சட்டை மடிப்புக் கலையாமல் வருகிறவர்தான் பள்ளத்தில் விழுவார். அப்படித்தான் "மூன்றாவது சந்து" என்ற தொடர் பிறந்தது. ஒரு அடி பம்பு, அதைச் சுற்றி நாலு குடும்பம், வாராவாரம் ஒரு சண்டை. ஞாயிற்றுக்கிழமை அது வருகிற நேரத்தில் எங்கள் பக்கத்தில் நிஜ அடி பம்பில் ஆள் இருக்காது. அப்போது தண்ணீர் பிடித்துக்கொண்டவர்கள் புத்திசாலிகள்.

அந்த நாடகத்தில் எல்லாரும் மெச்சிய விஷயம் ஒன்று உண்டு. ரேடியோவில் எதிரே ஜனங்கள் கிடையாது. ஒரு வசனத்துக்கு நாம் இங்கே சிரித்துக்கொண்டிருந்தால், அங்கே அடுத்த வசனம் ஓடிப்போய்விடும். மற்றவர்கள் நாடகத்தில் பாதி வசனம் அப்படித்தான் தொலையும். அண்ணன் நாடகத்தில் தொலையாது. நாம் சிரித்து, மூச்சு வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்த பிறகுதான் அடுத்த ஆள் பேசுவார். பெட்டிக்குள்ளிருந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ என்று தோன்றும். என் மனைவிக்கு அதில் அப்படி ஒரு ஆச்சரியம்.

என் மனைவியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ஃபவுண்டரியில் நானும் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவன் என்றுதான் பெயர். உலை எதிரே நின்று வேகும்போது என் பேச்சு இல்லாவிட்டால் பொழுது போகாது என்று சொல்கிற கூட்டாளிகள் இருந்தார்கள். வீட்டுக்கு வந்து அதே பேச்சைப் பேசினால் மனைவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே "ம்" என்பாள். ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் அண்ணன் நாடகம் தொடங்கியதும் அதே வாய் சிரித்துச் சிரித்து, முந்தானையை அடைத்துக்கொள்ளும். நான் நடுவில் ஏதாவது சொன்னால் போதும். "கம்முனு இருய்யா, மாமா நாடகம் ஓடிக்கினு கீது!" என்று விழும். என் வீட்டில், நான் வாங்கிய ரேடியோவில், என் மனைவியை, என் அண்ணன் சிரிக்க வைத்தார். எனக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

ஆனால் அப்போது எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. நாடகம் எழுதி முடித்ததும் அண்ணன் அதை முதலில் என்னிடம்தான் படித்துக் காட்டுவார். திருவொற்றியூருக்கு அவர் குடிபோன பிறகும், நான் ஷிப்ட் முடிந்து வரும் வழியில் என்னை நிறுத்தி, மாடிப்படியில் உட்கார வைத்துப் படிப்பார். படிக்கும்போது கண் காகிதத்தில் இருக்காது, என் மேல்தான் இருக்கும். நான் குலுங்கி முடிக்கும் வரை காத்திருப்பார். பிறகு எழுந்து போய்விடுவார். நன்றாக இருக்கிறதா என்று கேட்டதில்லை. ஊரே கேட்கப்போகிற நாடகத்தை முதலில் கேட்டவன் நான் என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வத்தைத் தூக்கிக்கொண்டுதான் எண்ணூருக்கும் ராயபுரத்துக்கும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்வந்தேன்.

பிறகு தொலைக்காட்சி வந்தது. தனியார் சேனல்கள் முளைத்த காலத்தில் அண்ணனை அழைத்துப் போனார்கள். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுத்தில் இறங்கினார். "மேல் போர்ஷன்" என்ற தொடர் உங்களுக்கு நினைவிருக்கும். கீழே வீட்டுக்காரர், மேலே குடித்தனக்காரர், நடுவில் ஒரு மாடிப்படி. அதில் வசனத்துக்கு வசனம் பின்னணியில் சிரிப்புச் சத்தம் சேர்க்க வேண்டும் என்றது கம்பெனி. அவர்களிடம் வெளிநாட்டிலிருந்து வந்த சிரிப்பு நாடா ஒன்று இருந்தது. அண்ணன் அதைக் கேட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். "பம்புல தண்ணி வர்லன்னு நான் எழுதுனா, வெள்ளக்காரன் இன்னாத்துக்கு சார் சிரிக்கிறான்? அவன் வூட்ல பைப்புல கொட்டுதே" என்று சண்டை போட்டார். கடைசியில் நம் ஜனங்களின் சிரிப்பையே பதிவு செய்துகொள்ளலாம் என்று முடிவாயிற்று.

இந்த மலரை வாசிக்கிற உறவினர்களில் பாதிப் பேர் அன்று அங்கே இருந்தீர்கள். ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம். கல்யாணம் இல்லை, ஆனால் பிரியாணி உண்டு என்று சொல்லி அண்ணன் எல்லாரையும் வரவழைத்தார். காற்றுச் சத்தம் பதிவாகும் என்று ஃபேனை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தோம். அண்ணன் மேடையில் நின்று ஒவ்வொரு துணுக்காகச் சொன்னார். காதில் பெரிய கருவியை மாட்டிக்கொண்டு ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருந்தார்.

நான் முதல் வரிசை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழக்கம்போல வாய் திறந்து, தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர். சத்தம் வரவில்லை, ஆனால் நான் உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலியிலிருந்து வந்தது. கிரீச், கிரீச் என்று ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு தடவை. ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கி நிறுத்தினார். என்னை வேறு நாற்காலிக்கு மாற்றினார்கள். அதுவும் அப்படியே. நிற்க வைத்தார்கள். நின்று குலுங்கினால் பக்கத்தில் இருப்பவர்கள் துணுக்கை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், அதுவும் தப்பான இடத்தில். அண்ணன் மேடையிலிருந்து இறங்கி வந்தார். என் தோளில் கை வைத்து, மெதுவாக, "தம்பி, நீ கொஞ்சம் வெளிய இரு" என்றார்.

வெளியே இருந்தேன். பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில், சமையல்காரரோடு. உள்ளே அலை அலையாகச் சிரிப்பு கேட்டது, அதற்கு மேல் என் தங்கையின் சிரிப்பு கேட்டது. சமையல்காரர், "இன்னா சார், உள்ள உங்களுக்கு எடம் இல்லியா?" என்று கேட்டார். பிரியாணி நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். நான் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு "மேல் போர்ஷன்" ஓடிய காலம் முழுக்க, வாராவாரம் என் தங்கை தொலைக்காட்சியில் சிரித்தாள். எல்லார் சிரிப்பும் கலந்துதான் இருந்தது, ஆனால் அவளுடையது தனியாகத் தெரிந்தது. மீன் வாங்க வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி விற்றாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னாண்ணா, நேத்து பாத்தியா? நான் சிரிச்சனே, அந்த கடசி எடத்துல?" என்பாள். ஒரு முறை அண்ணனைப் பேட்டி கண்டவர்கள், உங்கள் எழுத்தை எடை போடுகிறவர் யார் என்று கேட்டார்கள். நான் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மாடிப்படியில் என்னைத்தானே உட்கார வைக்கிறார், என் பெயரைச் சொல்லப்போகிறார் என்று மனைவியைக்கூடக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அண்ணன் சிரித்துக்கொண்டே, "என் தங்கச்சி. அவ சிரிச்சா ஊரே சிரிக்கும்" என்றார். மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து போய் டீ போட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். அண்ணன் இத்தனை எழுதினாரே, அதில் நான் எங்கே இருக்கிறேன்? நைனாவின் ஐஸ் கம்பெனி அதில் இருந்தது, அம்மாவின் மீன் கூடை இருந்தது, எதிர் வீட்டு அம்மாளின் கோழிகூட மூன்று நாடகத்தில் வந்தது. தங்கை சத்தமாகவே இருந்தாள். நான் எங்கேயும் இல்லை. அண்ணனிடம் இதைக் கேட்டிருக்கலாம். கேட்டால் அதையும் ஒரு வசனமாக எழுதிவிடுவார் என்று பயந்து கேட்கவில்லை.

காலம் மாறியது. நெடுந்தொடர்களில் அழுகை வந்து உட்கார்ந்துகொண்டது. அண்ணனுக்கு வேலை குறைந்தது. அதற்காக அவர் யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. புதிதாக எழுத வருகிற பிள்ளைகள் தேடி வந்தால் உட்கார வைத்துப் பேசுவார். மாலையில் திருவொற்றியூர்க் கடற்கரையில் நடப்பார். இப்போது "மேல் போர்ஷன்" துண்டு துண்டாகக் கைப்பேசியில் ஓடுகிறது. அண்ணன் போன பிறகு ஒரு நாள் மின்சார ரயிலில் பக்கத்து சீட்டுப் பையன் ஒருவன் அதைப் பார்த்துக்கொண்டு வந்தான். அண்ணனின் வசனம் கேட்டது, அதன் பின்னாலேயே என் தங்கையின் சிரிப்பும் கேட்டது. அவர்கள் இரண்டு பேரும் இனி எப்போதும் சேர்ந்தே இருப்பார்கள். தண்டையார்பேட்டையிலேயே இறங்கிவிட்டேன். நான் இறங்க வேண்டிய இடம் அது இல்லை.

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது எதிர்பாராதது. வலது கையும் பேச்சும் ஒரே நாளில் போயின. எழுதவும் முடியாது, பேசவும் முடியாது என்றால் அண்ணனிடம் என்ன மிச்சம் இருக்கும்? ஆனால் அவர் முகம் கோணவில்லை. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து, அண்ணியின் கையால் கஞ்சி குடித்து, பேரப்பிள்ளைகளைக் கண்ணாலேயே மிரட்டிக்கொண்டு சில மாதங்கள் இருந்தார். ஒரு விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். யாருக்கும் சிரமம் கொடுக்காமல் போனார் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அண்ணிக்கு அது சமாதானமாக இல்லை. கொஞ்சம் சிரமம் கொடுத்துக்கொண்டு இன்னும் இருந்திருக்கலாமே என்றுதான் அழுதார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. அண்ணனை ஒரு குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், நாற்காலியோடு அவரை மாடியிலிருந்து தூக்கி இறக்கிய தெருப் பிள்ளைகளுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், வந்தவர்களுக்குச் சாப்பாடு வடித்துக் கொட்டிய ராயபுரம் சந்துப் பெண்களுக்கும், வானொலி, தொலைக்காட்சி நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணிக்கு நன்றி சொன்னால் அடிப்பார், அதனால் வணக்கம் மட்டும். கடைசியாக ஒரு அம்மாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். அவரை எனக்குப் படத்திறப்பு அன்றுதான் தெரியும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, தெருவிலேயே பந்தலில் அண்ணன் படத்தைத் திறந்து வைத்தோம். எங்கள் பகுதிப் பிரமுகர் ஒருவர் பேசினார். நல்ல மனிதர், கல்யாணம், காதுகுத்து, கடை திறப்பு என்று நாளுக்கு நாலு மேடை ஏறுகிறவர். அண்ணனைப் பற்றி உருக்கமாகப் பேசினார். பேசி முடிக்கிற இடத்தில் பழக்க தோஷத்தில் கையை உயர்த்தி, "அண்ணன் அவர்கள் இன்னும் நூறாண்டு காலம் நோய் நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பந்தலில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாலை போட்ட படத்திலிருந்து அண்ணன் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார். இதை அவர் கேட்டிருந்தால் என்ன பாடு படுத்தியிருப்பார் என்று நினைத்தேன், அவ்வளவுதான். எனக்கு வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டேன். தோள் குலுங்கியது, கண்ணிலிருந்து தண்ணீர் வேட்டியில் சொட்டியது. நாலு பக்கமிருந்தும் ஓடி வந்தார்கள். தங்கையின் கணவர் என் முதுகைத் தடவி, "அழாத மாமு. அவுருக்கு இன்னா கொறச்சல், ராஜா மாறி வாழ்ந்தாரு" என்றார். யாரோ சோடா உடைத்தார்கள்.

அப்போது எதிர் வரிசையிலிருந்து ஒரு வயதான அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்து வந்தார். "மூன்றாவது சந்து" நாடகத்தில் பம்படி அம்மாளாகப் பேசிய நடிகை அவர். குரலை நாங்கள் எல்லாரும் அறிவோம், முகத்தை யாரும் பார்த்ததில்லை. என் முன்னால் நின்று குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவரை விடுங்க. அவர் அழலை, சிரிக்கறார்."

எல்லாரும் விலகினார்கள். அந்தம்மா என்னிடம் கேட்டார்: "நீங்கதானே அந்தத் தம்பி?"

எந்தத் தம்பி என்றேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஸ்டூடியோல சிவப்பு விளக்கு எரிஞ்சா யாரும் சத்தம் போடக் கூடாது. ஜனங்க வீட்ல சிரிக்கறதுக்கு எவ்வளவு நேரம் விடணும்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க அண்ணன் எங்க எதிர்ல நிப்பார். ஒரு வசனம் முடிஞ்சதும், 'என் தம்பி இப்ப இப்படிச் சிரிக்கறான்'னு சத்தமே இல்லாம சிரிச்சுக் காட்டுவார். சின்ன ஜோக்குன்னா கொஞ்சம், பெரிய ஜோக்குன்னா நிறைய. அவர் கண்ணைத் துடைச்சிட்டு நிமிர்ந்த அப்புறம்தான் நாங்க அடுத்த வசனம் பேசணும். அத்தனை வருஷமும் அதுதான் எங்களுக்குக் கணக்கு. தொலைக்காட்சிக்குப் போன பிறகும் அப்படித்தான் செஞ்சார்னு அங்கே இருந்தவங்க சொல்லுவாங்க."

எனக்குச் செய்து காட்டச் சொன்னேன். அந்தம்மா கைத்தடியை என் தங்கையிடம் கொடுத்தார். வாயைத் திறந்தார், மூச்சைப் பிடித்தார், தோளைக் குலுக்கினார். கையைத் தூக்கித் தொடையில் அடிக்கப் போய், சத்தம் வரும் என்று பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். நைனா தூங்கும்போது நான் அப்படித்தான் நிறுத்திக்கொள்வேன். அது அண்ணனையும் என்னையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

தங்கை கைத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், முதல் தடவையாகச் சிரிக்காமல் சொன்னாள்: "என்னிய டேப்புல புட்ச்சிக்கினாரு. உன்னிய ஒடம்புலயே வச்சிக்கினு இருந்துக்கிறாரு பாரு." அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவள் பொறாமைப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் முறை. எனக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுதினால் அண்ணன் மகன் வெட்டிவிடுவான், ஆனாலும் எழுதுகிறேன்.

நிம்மதி ரொம்ப நாள் நிற்கவில்லை. அந்தம்மா பார்த்திருக்கிறார், அவரோடு நடித்தவர்கள் பார்த்திருக்கிறார்கள், ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறார். முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் முன்னால் அண்ணன் நானாக நின்றிருக்கிறார். எனக்கு ஒரு தடவைகூடக் காட்டவில்லை. அந்தம்மாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டே அவர் மேல் பொறாமைப்பட்டேன். இப்படிச் சில வாரங்கள் போன பிறகு, ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மருத்துவமனையில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. 

அன்று மதியம் அண்ணனோடு நான் மட்டும் இருந்தேன். யாரோ ஒருவர் பை நிறையப் பழத்தோடு வந்து, அண்ணன் கட்டிலருகே உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலைப்படாத மச்சான், உன் வூட்டுச் சண்டைய நான் பேசித் தீர்த்துட்டேன், உன் மாமியார் ஊருக்குப் போயிட்டா" என்று வெகுநேரம் ஆறுதல் சொன்னார். அவர் பார்க்க வந்தது அடுத்த கட்டில்காரரை. கடைசியில்தான் தெரிந்து, பழத்தையும் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். நான் எரிச்சலோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாய் திறந்திருந்தது. தோள் குலுங்கியது. சத்தம் இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கொஞ்சம் நிறுத்திவிட்டு, என்னையே பார்த்து, மறுபடியும் தோளைக் குலுக்கினார்.

நான் போர்வையை இழுத்து அவர் தோள் இரண்டையும் மூடினேன். செவிலியரைக் கூப்பிட்டேன்.

"சிஸ்டர், அண்ணனுக்குக் குளிருது போல. அந்த ஃபேனக் கொஞ்சம் நிறுத்துங்கம்மா."